அதீனா அல்பேனியச் சொல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் செர்பியாவுக்கு எதிராகக் கோல் அடித்த சுவிட்சர்லாந்து வீரர்கள் ஜாக்காவும் ஷாகிரியும் இரு கைகளையும் குறுக்காகக் கோத்து, விரல்களைச் சிறகுபோல் விரித்துக் காட்டினார்கள். அது அல்பேனியக் கொடியிலுள்ள இரட்டைத்தலைக் கழுகு என்று பிறகு அறிந்தேன். அன்று முதல் அல்பேனிய மொழி பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். அல்பேனியர்கள் தம் நாட்டை ‘ஷ்சிபெரி’ என்கிறார்கள். ‘ஷ்சிபோன்ய’ என்றால் கழுகு. ஆகவே அது கழுகுகளின் நாடு. கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள்கூட அல்பேனியத்தில்தான் பொருள் தருகின்றனவாம். ஜீயஸ் என்பது ‘ஸெ’, அதாவது குரல். அதீனா என்பது ‘எ தெனா’, சொல்லப்பட்டது. அஃப்ரோடைட்டி என்பது ‘அஃபர் தித’, பகலுக்கு அருகில். வியாழக்கிழமையைக் குறிக்கும் ‘எ எஞ்தெ’ என்ற சொல்லில் நம் அக்னி இருக்கிறான் என்றும் படித்தேன். இத்தனையும் தற்செயலாக இருக்க முடியுமா? மொழியியலாளர்கள் இவற்றை ஏன் ஒதுக்குகிறார்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தற்செயலாக இருக்க முடியும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. நீங்கள் குறிப்பிட்ட விளக்கங்களில் ஓர் அழகு இருக்கிறது. ஜீயஸின் தலையிலிருந்து அதீனா பிறந்தாள் என்பது கிரேக்கப் புராணம். ஜீயஸ் குரல் என்றும் அதீனா சொல்லப்பட்டது என்றும் கொண்டால், குரலிலிருந்து சொல் பிறந்த கதையாக அது மாறிவிடுகிறது. படிப்பவரை மயக்குவது இந்தப் பொருத்தம்தான். பொருத்தம் அழகாக இருப்பதாலேயே அதை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

அதீனாவிலிருந்து தொடங்குகிறேன். கிரேட்டா தீவின் க்னோசஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் அவள் பெயர் இருக்கிறது. லீனியர் பி என்னும் எழுத்தில் எழுதப்பட்ட அந்தப் பலகை ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு ஆண்டுகள் பழமையானது. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். அங்கே பெயர் ‘அதானா’ என்று இருக்கிறது. நடுவில் உள்ள ‘ஆ’ பின்னாளில் ஏதென்ஸ் வட்டார வழக்கில் நெடில் ‘ஏ’ ஆகத் திரிந்தது. ‘எ தெனா’ என்ற அல்பேனியத் தொடர் இந்தப் பிற்கால வடிவத்தோடுதான் பொருந்துகிறது, மூல வடிவத்தோடு அல்ல.

அல்பேனியப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிக்கல் இன்னும் பெரிது. ‘சொல்கிறேன்’ என்பதற்கு அல்பேனியத்தில் ‘தொம்’. இதன் முதலெழுத்தை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிக்கிறார்கள். இந்த ஒலி ஆதியில் இப்படி இருக்கவில்லை. இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் அது அண்ணத்தில் பிறக்கும் ஒரு ‘க்’. சமஸ்கிருதத்தில் அது ‘ச்’ போன்ற ஒலியாயிற்று. ‘பிரசம்சை’ என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘சம்ஸ்’ அதே வேர். லத்தீனில் ‘கென்ஸேரெ’ ஆயிற்று. நாம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் சொல்லும் ‘சென்சஸ்’ அதன் வழி வந்தது. அல்பேனியத்தில் அது ‘ட்ஸ்’ போன்ற ஓர் ஒலி வழியாக நகர்ந்து, பிறகுதான் இன்றைய ‘த்’ ஆனது. அதற்கும் சான்று உண்டு. ஆட்டுப்பட்டிக்கு அல்பேனியத்தில் ‘தார்க்’, ருமேனியத்தில் ‘ட்ஸார்க்’. ருமேனிய மொழியின் மூதாதை லத்தீனிலிருந்து பிரிந்து உருவான காலத்தில் இந்தச் சொல் கைமாறியிருக்கிறது. அப்போதுகூட அல்பேனிய ஒலி ‘ட்ஸ்’ ஆகவே இருந்ததை ருமேனியம் அப்படியே காத்து வைத்திருக்கிறது. ரோமானியர் காலத்திலேயே இல்லாத ‘தெனா’ என்ற உச்சரிப்பு, அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய க்னோசஸில் ஒரு தெய்வத்துக்குப் பெயரானது எப்படி?

ஜீயஸ் விஷயமும் இப்படித்தான். அந்தப் பெயர் ‘த்யௌஸ்’ என்ற வான்தெய்வத்தின் பெயர். வேதத்தில் அதே சொல் உண்டு. லத்தீன் ஜூபிடரின் முன்பாதியும் அதுவே. கிரேக்கத்திலேயே ‘ஜீயஸின்’ என்று சொல்ல ‘தியோஸ்’ என்பார்கள். அங்கே பழைய ‘த்’ வெளிப்படையாகத் தெரிகிறது. அல்பேனிய ‘ஸெ’ வேறு குடும்பம். அதன் சுட்டு வடிவத்தைத் தெற்கு வழக்கான தொஸ்க்கில் ‘ஸெரி’ என்றும் வடக்கு வழக்கான கெக்கில் ‘ஸானி’ என்றும் சொல்வார்கள். உயிரொலிகளுக்கு நடுவே வந்த ‘ன்’ தொஸ்க்கில் ‘ர்’ ஆக மாறியது. மணியோசைக்கு ரஷ்ய மொழியில் உள்ள ‘ஸ்வோன்’ இதன் உறவு. ஜீயஸில் ‘ன்’ என்ற ஒலிக்கு இடமே இல்லை.

அஃப்ரோடைட்டியை மட்டும் சற்றுத் தயக்கத்தோடு ஒதுக்குகிறேன். அல்பேனியத்தில் வெள்ளிக் கோளின் பெயர் உண்மையாகவே ‘அஃபர்தித’. பெண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. விடிவெள்ளியைப் பகலுக்கு அருகில் இருப்பவள் என்று அழைப்பது எந்தக் கவிஞரும் ஆசைப்படும் வரி. ஆனால் கிரேக்கப் பெயரின் பிறப்பு அதுவே என்பதற்கு ஆதாரம் இல்லை. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெஸியட் தம் மொழியிலேயே ‘அஃப்ரோஸ்’, அதாவது நுரை, என்ற சொல்லைக் கொண்டு அவள் கடல் நுரையில் பிறந்தாள் என்று விளக்கினார். அதையும் அறிஞர்கள் சொல்லாராய்ச்சியாக ஏற்பதில்லை. பெயர் சைப்ரஸ் வழியாகக் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

இந்த விளக்கங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இன்று அல்பேனியத் தலைநகர் டிரானாவின் தெருவில் பேசப்படும் ஒலியோடு அல்பேனியம் மூவாயிரம் ஆண்டுகள் மாறாமல் நின்றது என்பது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மொழியைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, அது கடந்துவந்த காலத்தை அதனிடமிருந்து பறித்துவிடுகிறார்கள். உண்மையில் அல்பேனியத்தின் பெருமையே அது எவ்வளவு மாறியது, அந்த மாற்றத்துக்குள் எதையெல்லாம் பத்திரப்படுத்தியது என்பதில்தான் இருக்கிறது.

‘மோதர்’ என்ற சொல்லைப் பாருங்கள். மாதா, மேட்டர், மதர் என்று உறவு மொழிகளிலெல்லாம் தாயைக் குறிக்கும் அதே சொல். அல்பேனியத்தில் அதன் பொருள் சகோதரி! தாய்க்கு ‘நென’ என்று வேறு சொல். பெரிய கூட்டுக் குடும்பத்தில் தாயின் இடத்தில் நின்று தம்பி தங்கைகளை வளர்த்த மூத்த அக்காவை அப்படி அழைத்து, பின்பு எல்லாச் சகோதரிகளுக்கும் அது பொதுவாகியிருக்கும் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். ‘குரலின் தலையில் பிறந்த சொல்’லைவிட இது என்னை அதிகம் அசைக்கிறது. பெயர் தெரியாத எத்தனை அக்காக்கள் அந்த ஒரு சொல்லில் இருக்கிறார்கள்!

நிலவுக்கு ‘ஹென’. நம் ‘சந்திரன்’ எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேர்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பாம்புக்கு ‘ஜ்யார்பர்’, அது ‘சர்ப்ப’த்தின் உறவு. காதுக்கு ஒத்துக் கேட்கிறதா? இல்லை. உண்மையான உறவுகள் பெரும்பாலும் காதுக்குப் புலப்படாதவை; ஒலிமாற்ற விதிகளின் வழியே மட்டும் தெரிபவை. ரோமப் பேரரசன் ‘இம்பெராடோர்’ மலையேறி ‘ம்ப்ரெத்’ ஆகிவிட்டான், அரசன். லத்தீனின் ‘அமீகஸ்’ ‘மிக்’ என்ற ஒற்றை அசைக்குள் நண்பனாகச் சுருங்கினான். நகரத்துக்கான ‘சித்தெத்’ லத்தீனின் ‘கிவிதாத்தெம்’.

குஸ்டாவ் மேயர் 1891இல் வெளியிட்ட அல்பேனியச் சொற்பிறப்பு அகராதியில் 5,110 தலைச்சொற்களை ஆராய்ந்தார். அவற்றில் 1,420 லத்தீன் வழிவந்தவை, 1,180 துருக்கியம், 840 கிரேக்கம், 540 ஸ்லாவியம். பழைய சொத்தாக நின்றவை என்று அவர் ஏற்றவை ஏறத்தாழ 400 மட்டுமே. 730 சொற்களுக்கு விடை கிடைக்கவில்லை. பின்னால் வியன்னாவில் நோர்பர்ட் யோக்லும் அவரிடம் பயின்ற எக்ரெம் சபேயும் அந்த 400ஐக் கணிசமாக உயர்த்தினார்கள். சத்தமான கோரிக்கைகளால் அல்ல, ஒரு சொல்லுக்காக வட்டார வழக்குகளையும் பழைய ஏடுகளையும் துழாவித் துழாவி. யோக்ல் யூதர். அவரை அல்பேனியாவுக்கு அழைத்துக்கொள்ள நடந்த முயற்சி கைகூடவில்லை. 1942இல் நாஜிகளின் கையில் மாண்டார். அல்பேனியத்தின் பழமைக்கு உண்மையாகவே வாதாடியவர் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது அவர் பெயரை.

ஊகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இத்தாலியின் பிரிந்திஸி நகரத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் பழைய மொழியான மெஸாப்பியத்தில் அந்தப் பெயர் மான்தலையைக் குறித்தது என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். அல்பேனியத்தில் கொம்புக்கு ‘ப்ரி’. பிரிந்திஸியில் உள்ள பழைய ‘ன்’ வடக்கு வழக்கின் பன்மையில் திரும்ப வருகிறது. இங்கே பொருளைத் தந்தவர் அந்தக் காலத்தவர், நாம் அல்ல. ஒலியும் விதிப்படி நடக்கிறது. அதனால் இந்த ஊகம் நிற்கிறது. கொசோவாவின் பழம்பெயரான தார்தானியாவை ‘தார்த’, அதாவது பேரிக்காய், என்ற சொல்லோடு இணைப்பதும் கேட்கத் தகுந்த ஊகம்தான். அல்பேனியத்தின் மூதாதை என்று பலர் கருதும் இல்லிரிய மொழியில் ஒரு முழு வாக்கியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இடப்பெயர்களும் ஆள்பெயர்களும் சில சொற்குறிப்புகளுமே மிஞ்சியுள்ளன. ஆகவே இதற்குமேல் அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை.

இனி கழுகு. மத்திய காலத்தில் அல்பேனியர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் ‘அர்பர்’, வடக்கில் ‘அர்பன்’. ‘ஸெரி’, ‘ஸானி’ போலவே இங்கும் ‘ர்’, ‘ன்’ மாற்றம். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஒட்டோமான் படையெடுப்பின்போது தெற்கு இத்தாலிக்குப் பெயர்ந்தவர்களின் சந்ததியினர் இன்றும் தங்களை ‘அர்பரெஷ்’ என்றே சொல்கிறார்கள். ‘ஷ்சிப்’ என்ற பெயர் பரவியது அவர்கள் போன பிறகு. அதன் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் ‘தெளிவாகப் பேசுவது’. புரியும்படி பேசு என்று சொல்லவே அல்பேனியர்கள் இன்றும் ‘ஃபோல் ஷ்சிப்’ என்பார்கள். மேயர் இதை லத்தீனின் ‘எக்ஸிபெரெ’ என்ற வினையோடு இணைத்தார். அதில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. கழுகின் பெயரோடு உள்ள ஒலி ஒற்றுமையைப் பிற்கால மக்கள் பிடித்துக்கொண்டார்கள். கொடியில் உள்ள கழுகு அதற்கு முன்பே இருந்தது. அது பைசாந்தியப் பேரரசின் சின்னத்தின் வழிவந்த கஸ்திரியோத்தி குடும்பச் சின்னம். ஒட்டோமானியரை எதிர்த்துப் போரிட்ட, ஸ்கந்தர்பெக் எனப்பட்ட ஜ்யெர்ஜ் கஸ்திரியோத்தி 1443 நவம்பர் 28இல் க்ரூயா கோட்டையில் அதை ஏற்றினார் என்பது மரபு. 1912இல் அதே நவம்பர் 28இல் வ்லோராவில் விடுதலை அறிவிக்கப்பட்டது. சின்னமும் சொல்லும் தனித்தனி வழிகளில் வந்து சேர்ந்தன. சேர்ந்த பிறகு அவை மக்களுக்கு ஒன்றுதான். மைதானத்தில் கைகளைக் கோத்த அந்த இரு வீரர்களும் கொசோவா அல்பேனியக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களின் உணர்ச்சிக்குச் சொற்பிறப்பியலின் ஒப்புதல் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த விளக்கங்களை உருவாக்கியவர்களை நான் ஏளனம் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்கர்களுக்கும் முற்பட்ட பெலாஸ்கியர்களின் வாரிசுகள் அல்பேனியர்கள் என்ற கருத்தை 1854இல் விரிவாக எழுதியவர் யோஹான் கியார்க் ஃபான் ஹான், யோவானினாவில் இருந்த ஆஸ்திரியத் துணைத்தூதர். 1878இல் ரஷ்யாவிடம் ஒட்டோமான் அரசு தோற்றபோது அல்பேனியர் வாழ்ந்த நிலங்களை அண்டை நாடுகளுக்குப் பங்குபோடப் பேச்சு நடந்தது. அதை எதிர்த்து ப்ரிஸ்ரெனில் ஒரு கூட்டமைப்பு உருவானது. முஸ்லிம், கத்தோலிக்கர், ஆர்தடாக்ஸ் என்று பிரிந்து கிடந்த, லத்தீன், கிரேக்க, அரபு என்று ஆளுக்கொரு எழுத்தில் எழுதிய மக்கள் அவர்கள். பொது எழுத்துமுறையே 1908இல் மொனாஸ்டிர் மாநாட்டில்தான் முடிவாயிற்று. அல்பேனியனின் மதம் அல்பேனியத் தன்மையே என்று பாடிய பாஷ்கோ வாஸா 1879இல் ஐரோப்பிய வல்லரசுகளிடம் வாதாடியபோது பெலாஸ்கியக் கருத்தைக் கையில் எடுத்தார். நீங்கள் ஒரு மக்களே அல்ல என்று சொல்லப்பட்டவர்களுக்கு, நாங்கள் எல்லோரையும்விட மூத்தவர்கள் என்ற பதில் அன்று தேவைப்பட்டது. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். இன்று அல்பேனியாவுக்கு நாடும் கல்விக்கழகமும் அகராதிகளும் உண்டு. அந்தப் பதிலை இன்றும் அறிவியலாக நீட்டுவது யோக்ல், சபே போன்றோரின் உழைப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

கடைசியாக உங்கள் அக்னி. இதை முன்வைத்தவர்கள் மொழியியலாளர்களே. எனவே இதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அல்பேனியத்தில் செவ்வாய், புதன், சனி மூன்றும் லத்தீனிலிருந்து நேராக வந்தவை. ஞாயிறும் திங்களும் மொழிபெயர்ப்புகள். ‘தியெல்’ சூரியன், ‘ஹென’ நிலவு. மிஞ்சிய வியாழனும் வெள்ளியும் லத்தீன் அல்ல. வெள்ளிக்கு உள்ள ‘எ ப்ரெம்தெ’யில் வட அல்பேனியர்கள் போற்றிய ப்ரெந்த என்ற பெண்தெய்வத்தைக் காண்கிறார்கள், வீனஸின் இடத்தில் அவள் வந்து அமர்ந்தது பொருத்தம். அப்படியானால் ‘எ எஞ்தெ’யிலும் ஒரு தெய்வம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அது எஞ்சி என்ற நெருப்புத் தெய்வம், அக்னிக்கும் லத்தீன் ‘இக்னிஸு’க்கும் உறவு என்பது ஊகம். என் தயக்கம் இரண்டு. லத்தீனில் அந்த நாள் ஜூபிடருடையது. இடியின் தெய்வத்துக்கு ஈடாக நெருப்பின் தெய்வத்தை ஏன் வைத்தார்கள் என்பது தெளியவில்லை. மேலும் அந்தத் தெய்வத்தின் பெயருக்கு அந்தக் கிழமையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அல்பேனியத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாக்கியமே 1462இல் எழுதப்பட்ட ஒரு ஞானஸ்நானச் சொற்றொடர். முதல் நூல் ஜோன் புஸுகுவின் 1555ஆம் ஆண்டு வழிபாட்டு நூல். அதற்கு முந்தைய தெய்வங்களைப் பற்றி அம்மொழியில் எழுதிவைத்தவர் எவரும் இல்லை. வடக்கு மலைப்பகுதி வழக்குகளிலிருந்தோ பழைய ஏடு ஒன்றிலிருந்தோ இன்னொரு சான்று வந்தால், இந்த ஊகத்தை ஏற்க நான் தயங்கமாட்டேன்.

அன்புடன்.