ஆங்கில வெர்ப் வகைகளில் எதை முதலில் பிடிப்பது?

டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ், ஸ்டேடிவ், ரெகுலர், இர்ரெகுலர் என்று வெர்ப் வகைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தும் பேசும்போது தப்புத் தப்பாக வருகிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். என்னைக் கேட்டால் முதலில் தெரிய வேண்டியது வாக்கியத்தின் அர்த்தத்தைத் தாங்கும் மெயின் வெர்ப் எது, அதற்குக் கூட நிற்கும் துணைவினை எது என்பதுதான். துணைவினைகள் கொஞ்சம்தான். பி, ஹேவ், டூ என்று மூன்று. அப்புறம் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷால், ஷுட், வில், வுட் என்று ஒன்பது மோடல்கள். யூஸ்ட் டு மாதிரி ஓரிரண்டு எல்லையில் நிற்கும், அவை பிறகு. மற்ற ஆயிரக்கணக்கான வெர்ப்களும் மெயின்தான்.

கேள்வி கேட்பதும் மறுப்பதும் துணைவினையின் வேலை. 'ஷி கேன் சிங்' என்பதில் கேன் முன்னால் போனால் கேள்வி, அதன் பின்னால் நாட் சேர்ந்தால் மறுப்பு. சரி, 'ஷி சிங்ஸ்' என்பதில் துணைவினையே இல்லையே? அங்கே டூ வந்து கைகொடுக்கும்: 'டஸ் ஷி சிங்?' சிங்ஸ் கடைசியில் இருந்த 'ஸ்' டஸ்ஸில் போய் ஒட்டிக்கொண்டது, சிங் மொட்டையாக நிற்கிறது, பார்த்தீர்களா? இறந்தகாலத்துக்கும் இதே கதைதான். 'யூ வென்ட்' கேள்வியானால் 'டிட் யூ கோ?' இறந்தகாலத்தை டிட் வாங்கிக்கொண்டுவிட்டது. நம்மவர்கள் வாயில் அடிக்கடி வரும் 'டிட் யூ வென்ட்?' அதனால்தான் தப்பு.

குழப்புவது டூவும் ஹேவும் இரண்டு வேடமும் போடுவது. 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதில் ஹேவ் துணை. 'டூ யூ ஹேவ் எ பென்?' என்பதில் அதே ஹேவ் மெயின். 'வாட் டூ யூ டூ?' என்ற சின்னக் கேள்வியில் முதல் டூ துணை, கடைசி டூ மெயின். பி (ஆம், இஸ், ஆர் எல்லாம் இதன் வடிவங்கள்) தனி ரகம். 'ஷி இஸ் எ டாக்டர்' என்பதில் அது மெயினாக இருந்தும், கேள்வியில் தானே முன்னால் போய்விடும்.

அடுத்தது ஸ்டேடிவ், அதாவது செயலை அல்லாமல் நிலையைச் சொல்லும் வெர்ப். இதற்குப் பொதுவாக 'இங்' வடிவம் வராது. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று வந்துவிடுகிறதா? தமிழில் 'எனக்கு இரண்டு தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் சொல்வதில்லையே! உங்கள் காதுக்கு இது ஏற்கெனவே தெரியும், ஆங்கிலம் பேசும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது நடந்துகொண்டிருக்கும் செயல்.

டிரான்சிடிவ் என்பது செயப்படுபொருள் கேட்கும் வெர்ப். டிஸ்கஸ் அப்படிப்பட்டது, பொருளை நேரடியாக எடுத்துக்கொள்ளும், நடுவில் அபௌட் வேண்டாம். செயப்படுபொருள் கேட்காதது இன்டிரான்சிடிவ். ப்ரேக் இரண்டு பக்கமும் போகும். கண்ணாடி தானாக உடைந்தாலும் நான் உடைத்தாலும் ஆங்கிலத்தில் ப்ரோக்தான். எது எந்த வகை என்று மாணவர்களுக்கான நல்ல அகராதிகளிலேயே குறித்திருப்பார்கள், அர்த்தம் பார்க்கும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கோ, வென்ட் மாதிரி இறந்தகாலத்தில் 'எட்' சேராமல் தன் போக்கில் மாறும் இர்ரெகுலர் வெர்ப்களுக்கு மட்டும் குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான். அகர வரிசையில் போகாமல் கோ, கம், ஈட், கிவ், டேக் என்று தினமும் வாயில் வருபவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.