அம்மாவின் நினைவு மலர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அம்மா சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டுத் திதியன்று ஒரு சிறு நினைவு மலர் வெளியிட விரும்புகிறோம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தவற்றில் ‘அன்பின் வடிவம்’, ‘பொறுமையின் சிகரம்’ என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அம்மா சிறு வயது முதல் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போனவர். அவர் பிறந்த ஆண்டும் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆதார் அட்டையில் 1945 என்று இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது தான் கைக்குழந்தை என்றும், வைகை அணை திறந்த வருடம் தனக்குக் கல்யாணம் என்றும் சொல்லுவார். மலரை எப்படி அமைக்கலாம்?
– ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: உங்கள் குடும்பத்தார் எழுதிய சொற்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அவற்றை எந்தத் தாயின் படத்துக்குக் கீழேயும் அச்சிட்டுவிடலாம் என்பதுதான் குறை. கொடிக்கால் வேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்; என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. மலரை அங்கிருந்தே தொடங்குங்கள். அகத்தியில் படர்ந்த கொடியிலிருந்து கிள்ளி வந்த இலைகளில் கிழிந்ததையும் புள்ளி விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, நல்லவற்றைக் காம்பு ஒரே பக்கம் வரும்படி கவுளி கவுளியாக, அதாவது எண்ணிக் கட்டுக் கட்டாக, அடுக்குவது கையும் கண்ணும் பழகப் பழக மட்டுமே வரும் தொழில். அம்மா எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார், கைக்குழந்தையாக இருந்த உங்களை யாரிடம் விட்டுப் போனார், கூலியை எந்தக் கிழமை வாங்கினார், அதில் முதலில் எந்தக் கடனைக் கொடுத்தார் என்பனவற்றையெல்லாம் எழுதுங்கள். அவரோடு அமர்ந்து வெற்றிலை அடுக்கிய பெண்மணி ஒருவராவது ஊரில் இருப்பார். திதிக்கு முன்பே ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத அம்மா ஒருவர் அந்தத் தோழிக்குத் தெரிந்திருப்பார்.

பிறந்த ஆண்டைப் பொறுத்தவரை, அம்மாவே போதிய தடயம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை கோயிலுக்குள் விடப்படாத ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே அழைத்துச் சென்று, காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை 8 அன்று நடந்தது. அப்போது கைக்குழந்தை என்றால் அவர் 1938-இலோ 1939-இன் முற்பாதியிலோ பிறந்திருக்க வேண்டும். வைகை அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில். அப்படியானால் கல்யாணத்தின்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது. இரண்டு செய்தியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆதாரில் உள்ள 1945 ஆலயப் பிரவேசத்துக்குப் பிந்தியது என்பதால் பொருந்தவே இல்லை. ஆகவே, ‘1939-ஐ ஒட்டிப் பிறந்தவர்’ என்று அச்சிட்டு, அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களையும் கீழேயே சேர்த்துவிடுங்கள். வெறும் தேதியைவிட அவை அவரை அதிகமாகக் காட்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்ப்பக்க அஞ்சலிப் பக்கங்களில் இறந்த பெண்ணின் கணவர், மகன்கள், மருமகன்கள் பெயரெல்லாம் பட்டத்தோடு வரும். அவரைப் பெற்ற தாயின் பெயர் மட்டும் வராது. அம்மாவின் பிறந்த ஊரையும், உங்கள் அம்மாச்சியின் பெயரையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: என் அப்பத்தா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் சில என் போனில் இருக்கின்றன. திதியன்று உறவினர்கள் முன்னிலையில் அவற்றை ஒலிக்கச் செய்யலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: செய்யலாம். ஆனால், முதலில் உங்கள் அப்பாவைத் தனியே அமர்த்தி ஒரு பதிவை மட்டும் கேட்க வையுங்கள். பெற்ற தாயின் குரலைக் கூட்டத்தின் நடுவே திடீரென்று கேட்பதைச் சிலரால் தாங்க முடியாது. அவர் வேண்டாம் என்றால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். எப்படியிருந்தாலும், பதிவுகளை இன்றைக்கே ஒரு பென்டிரைவிலும் வேறொரு உறவினரின் கணினியிலும் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியும் அப்பத்தா எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் தெரியும்படி பெயரிட்டு வையுங்கள். போன் பழுதானாலோ தொலைந்துபோனாலோ அந்தக் குரலை வேறெங்கும் தேடிப் பெற முடியாது.