விமானி பேசுவது கேட்கிறது, டவர் பதில் கேட்கவில்லை

தம்பி, விமானி பேசுவது கேட்குது, டவர் பேசுவது கேட்கல, ரேடியோ பழுதா என்று கேட்டிருந்தீங்க. உங்க ரேடியோவில் பழுது ஒன்றும் இல்லை. மலைநாட்டு ஹட்டனில் வீட்டுக்குள் இருந்தே விமானிகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது, கட்டுநாயக்க விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் மட்டும் கேட்கவில்லை என்றால், குறுக்கே நிற்பது மலைதான்.

விமானங்கள் பேசும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், மலையை ஊடுருவாது. 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு அடிவானமே 400 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் தரையில் 30 மீட்டர் உயர அன்டெனாவுக்குச் சமதரையிலேயே 22 கிலோமீட்டர் அளவுதான். கணக்கு சுலபம்: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்க. அனுப்பும் பக்கம், கேட்கும் பக்கம் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் தூரம் கிலோமீட்டரில் வரும்.

நானும் ஆரம்பத்தில் கூரைமேல் நீளக் கம்பி இழுத்தேன். காக்கா உட்கார்ந்ததுதான் மிச்சம். இந்த அலைவரிசைக்கு 60 சென்டிமீட்டர் கம்பி போதும், ஆனால் செங்குத்தாக நிற்கணும். அதைவிட, மேற்குப் பக்கம் திறந்த ஒரு மலை முகட்டுக்கு ரேடியோவைக் கொண்டுபோய்ப் பாருங்க. உயரம்தான் இங்கே பேசும்.

நடுக்கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களைப் பற்றி நீங்க கேட்டது வேறு கதை. அவை 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் சிற்றலையையும் பயன்படுத்தும். அது வளிமண்டலத்தின் மேல் அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். பகலில் கூடிய அலைவரிசை, இரவில் குறைந்தது. அதில் பேசுவது ஒற்றைப் பக்கப்பட்டை (SSB) என்ற முறையில், அதைக் கேட்க அந்த வசதியுள்ள ரேடியோ வேணும், இல்லாவிட்டால் வாத்து கத்துவதுபோல்தான் இருக்கும்.