ஊபா வழக்கில் கைது முதல் தண்டனை வரை: கேள்வி பதில்

கேள்வி: பயங்கரவாத வழக்குகளைத் தனி ராணுவ நீதிமன்றத்திலா விசாரிக்கிறார்கள்?

பதில்: இல்லை. சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டம், 1967, அதாவது ஊபா வழக்குகளை விசாரிப்பது செஷன்ஸ் நீதிபதி அந்தஸ்தில் உள்ளவர்தான். பூந்தமல்லியில் உள்ள என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) சிறப்பு நீதிமன்றமும் அப்படிப்பட்டதே. சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. மாறுவது சில இடங்கள்தான்: காவல் நாட்கள், பிணை, சாட்சிப் பாதுகாப்பு, குற்றம் செய்ததாகவே கொள்ளும் சில சட்ட அனுமானங்கள். ஆனால் அந்தச் சில இடங்களில்தான் ஒருவரின் வாழ்நாளில் பல வருடங்கள் சிறையில் போய்விடுகின்றன.

கேள்வி: அண்ணனை நேற்று இரவு ஊபாவில் கைது செய்தார்கள். முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று பாருங்கள். பிரபிர் புர்கயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் இதை ஊபாவுக்கும் கட்டாயமாக்கியது. ‘ஆதாரத்தை அழிக்காமல் இருக்க’, ‘தலைமறைவாகாமல் இருக்க’ என்பவை யாருக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள், அவை போதாது. உங்கள் அண்ணன் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிமாண்டின்போதே, அதாவது காவலில் வைக்க நீதிபதி உத்தரவிடும்போதே, வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவித்து, அதை எழுத்தில் பதியச் செய்ய வேண்டும். கைதான நேரத்தையும் குறித்து வையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி: 90 நாளா, 180 நாளா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமல் ஒருவரைக் காவலில் வைக்க 43டி பிரிவின்படி முதலில் 90 நாள். அதற்குள் புலனாய்வு முடியவில்லை என்றால் நீதிமன்றம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் புலனாய்வு அதிகாரியின் மனு மட்டும் போதாது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை இன்னும் உள்ளே வைத்திருக்க என்ன குறிப்பான காரணம் என்று அரசு வழக்கறிஞர் அறிக்கை தர வேண்டும். அவர் சொந்தமாக யோசித்து எழுதியதா, அதிகாரியின் மனுவை அப்படியே நகலெடுத்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டிக்கும் அதிகாரமும் சாதாரண மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை, சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான். விக்ரம்ஜித் சிங் வழக்கில் (2020) இந்தக் கோளாறால்தான் காவல் நீட்டிப்பு செல்லாமல் போனது.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஜனவரி 1 ரிமாண்ட் என்றால், பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள வருடத்தில் மார்ச் 31 தொண்ணூறாவது நாள். நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை என்றால் பிணை உங்கள் உரிமை; ஏப்ரல் 1 காலையில் நீதிமன்றம் திறந்தவுடன் பிணை மனு உள்ளே போயிருக்க வேண்டும். மனு போடும் முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். முதலில் மனு போட்டுவிட்டால், பிற்பகலில் குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும்.

கேள்வி: குற்றப்பத்திரிகை வந்தது, வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வரவில்லை. இதை வைத்துப் பிணை கேட்கலாமா?

பதில்: கேட்டாலும் கிடைக்காது. அனுமதி இணைக்கப்படாததால் குற்றப்பத்திரிகை அரைகுறை ஆகிவிடாது என்று ஜட்ஜ்பீர் சிங் வழக்கில் (2023) தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அனுமதியையே எதிர்க்கலாம். ஆதாரங்களைப் பரிசீலிக்கும் குழுவுக்கு 7 வேலை நாள், அதன்பின் அரசுக்கு 7 வேலை நாள் என்ற கெடு கட்டாயம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்புங்கள்.

கேள்வி: ஊபாவில் பிணையே கிடைக்காது என்பது உண்மையா?

பதில்: மிகக் கடினம். 43டி(5)படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே பிணை மறுக்கப்படும். 2019 வட்டாலி தீர்ப்புக்குப் பிறகு, போலீஸ் வைத்த ஆவணங்களை அந்தக் கட்டத்தில் அலசி ஆராயவும் இடம் குறைந்துவிட்டது. இது அநியாயத்துக்கு வழிவிடும் ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். குறுக்கு விசாரணைக்கு உட்படாத காகிதத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கிறோம்.

வழிகள் இரண்டு. ஒன்று, பிரிவைப் பாருங்கள். இந்தத் தடை 4, 6 ஆம் அத்தியாயக் குற்றங்களுக்கு (பயங்கரவாதச் செயல், பயங்கரவாத அமைப்பு) மட்டும்தான்; 13 ஆம் பிரிவு (சட்டவிரோதச் செயல்) மட்டும் இருந்தால் வழக்கமான பிணை விதிகளே. இரண்டு, தாமதம். கே.ஏ. நஜீப் வழக்கில் (2021) ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு, இன்னும் 276 சாட்சிகள் மீதம் என்பதைப் பார்த்து, அரசியலமைப்பின் 21 ஆம் சரத்தின் (உயிர், தனிநபர் சுதந்திர உரிமை) அடிப்படையில் பிணை உறுதி செய்யப்பட்டது. மனுவில் ‘தாமதம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். மொத்த சாட்சிகள் எத்தனை, விசாரித்தது எத்தனை, எந்தத் தேதி யாரால் தள்ளிப்போனது என்று அட்டவணை போட்டு இணையுங்கள்.

கேள்வி: போலீஸிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா?

பதில்: ஊபாவில் செல்லாது. பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவிலும் பொடாவிலும் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அங்கே தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்றது; ஆனால் தடாவின் கீழ் பதிவான வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. இப்போது மாஜிஸ்திரேட் முன் தாமாக முன்வந்து தருவது மட்டுமே ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லும். போலீஸ் காவலில் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரும்.

கேள்வி: அப்பாவிகளைக் கொன்றவனுக்கு எதற்கு இத்தனை உரிமை? கசாபுக்கு வழக்கறிஞர் வைத்தது வீண்தானே?

பதில்: 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாபுடன் நின்ற இரண்டு இந்தியர்கள் விடுதலையானார்கள். ராஜீவ் வழக்கில் பூந்தமல்லி நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே அவர்களில் 19 பேரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு இல்லாதிருந்தால்? கொன்றவன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் விசாரணை. வழக்கறிஞர் இல்லாமல் நடந்தால் தண்டனையும் நிற்காது: 1997 டெல்லி பேருந்து குண்டுவெடிப்பு வழக்கில் அந்தக் காரணத்தால்தான் 2012இல் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணைக்குப் போனது. ‘யாரும் ஆஜராகக் கூடாது’ என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானமும் செல்லாது என்று 2010இல் தீர்ப்பு உண்டு; அது கோவையில் கிளம்பிய வழக்கு.

கேள்வி: தண்டனை எவ்வளவு?

பதில்: பயங்கரவாதச் செயலில் உயிர் போனால் மரணம் அல்லது ஆயுள், போகாவிட்டால் 5 ஆண்டு முதல் ஆயுள். சதி, நிதி திரட்டல் இரண்டுக்கும் அதே 5 ஆண்டு முதல் ஆயுள். பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு என்றால் 10 ஆண்டு வரை.

மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளாவது கேட்க வேண்டும். கருணை மனுவில் நியாயமற்ற தாமதம் ஏற்பட்டால், பயங்கரவாத வழக்கானாலும் ஆயுளாகக் குறையலாம். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் 2014 பிப்ரவரியில் அப்படித்தான் குறைந்தது.

கேள்வி: சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் புதிய பிணை மனு போடலாமா?

பதில்: போட்டால் எண் கொடுக்காமலே திரும்பி வரலாம். என்ஐஏ சட்டம் 21 ஆம் பிரிவின்படி அது மேல்முறையீடு. இரண்டு நீதிபதிகள் அமர்வு கேட்கும். கெடு 30 நாள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் 90 நாளைத் தாண்டினால் ஏற்கக் கூடாது என்கிறது சட்டம். உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.