சின்ன டார்ச்சில் லித்தியம் செல் போடலாமா?

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு பெரிய பென்சில் செல் போடுகிற சின்ன அலுமினிய டார்ச் இருக்கிறது. ராத்திரியில் மோட்டார் ரூமுக்குப் போய் வர அதுதான் துணை. கடைக்காரர் சொன்னார் என்று, அதே சைஸில் வரும் 14500 லித்தியம் செல்லை வாங்கிப் போட்டேன். முதலில் கண்ணைப் பறித்தது. ஐந்தே நிமிடத்தில் வெளிச்சம் நன்றாகக் குறைந்து, கையில் பிடிக்க முடியாத அளவு சுடுகிறது. இப்போது வெளிச்சமும் நீலம் பாய்ந்த மாதிரி தெரிகிறது. எல்இடி போய்விட்டதா? இப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: டார்ச்சில் லோ, ஹை என்று இரண்டு மோட் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வெளிச்சமா? அப்படியென்றால் எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்த உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்குப் பிடி விட்டுப்போயிருக்கிறது; செல்லின் கரண்ட் நேராக எல்இடிக்குப் போகிறது.

வெள்ளை எல்இடி எரிவதற்கு 3 வோல்ட் அளவில் வேண்டும். பென்சில் செல் தருவது 1.5 வோல்ட். அதனால் ஒற்றைச் செல் டார்ச்சுக்குள் டிரைவராக, வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் சர்க்யூட் வைத்திருப்பார்கள். 14500 செல்லோ ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட். ஏற்கெனவே மேலே இருப்பதை பூஸ்ட் சர்க்யூட் ஏற்றவும் முடியாது, இறக்கவும் தெரியாது. அதில் உள்ள காயில், டயோடு வழியாக கரண்ட் அது பாட்டுக்குப் பாயும். எல்இடிக்கு ஒரு குணம் உண்டு: வோல்டேஜ் துளி ஏறினாலும் கரண்ட் எக்கச்சக்கமாக ஏறிவிடும். சூடானால் அதே வோல்டேஜிலேயே இன்னும் கூடுதலாக இழுக்கும்.

சரி, அந்தக் கூடுதல் கரண்டுக்குத் தகுந்த வெளிச்சமாவது கிடைக்கிறதா? கிரீ கம்பெனியின் எக்ஸ்பி-ஜி2 என்ற எல்இடியை எடுத்துக்கொள்வோம். சின்ன டார்ச்சுகளில் நிறையப் புழங்கியது. அதற்கு 350 மில்லி ஆம்பியர் கொடுப்பதற்குப் பதில், அதன் உச்ச வரம்பான 1.5 ஆம்பியர் கொடுத்தால், கரண்ட் நான்கு மடங்குக்கு மேல். ஒளி மூன்று மடங்கு அளவில்தான் கூடும். அதுவும் சிப் சூடாகாமல் இருந்தால். நம் கண் இன்னும் கஞ்சம். நான்கு மடங்கு ஒளி வந்தால்தான் ஏறக்குறைய இரண்டு மடங்காக உணரும். தூரக் கணக்கும் அப்படியே: 100 மீட்டர் எட்டும் டார்ச்சில் ஒளியை இரட்டித்தால் 140 மீட்டர்தான் எட்டும்.

மிச்சமெல்லாம் சூடு. எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். விரல் நீள அலுமினியக் குழாய் தொடர்ந்து வெளியே தள்ளக்கூடியது, என் கணக்கில், 2, 3 வாட்தான். உங்கள் டார்ச்சில் 2 ஆம்பியர் ஓடினாலே 7 வாட்டைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை, பலர் டார்ச் சுட்டால் பயப்படுகிறார்கள். சீக்கிரம் சுடுகிறது என்றால் எல்இடியின் வெப்பம் டார்ச்சின் உடம்புக்கு வந்து சேர்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் மட்டும் மளமளவென்று குறைந்து, உடம்பு சில்லென்று இருந்தால்தான் எல்இடியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். விலை மலிந்த டார்ச்சுகளில் எல்இடி ஒட்டிய குட்டிப் பலகை பிளாஸ்டிக் மேலேயே உட்கார்ந்திருக்கும். சூடு போக வழியில்லாமல் உள்ளேயே வெந்துவிடும். தலையைக் கழற்ற முடிந்து, அடியில் உலோகத் தட்டு இருந்தால், கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் பலகையின் அடியில் மெல்லிசாகத் தடவினால் போதும், நல்ல வித்தியாசம் தெரியும்.

இப்போது நீலத்துக்கு வருகிறேன். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல சிப்; மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பூச்சுதான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. கரண்ட் அதிகமானாலும் பாஸ்பர் கொதித்தாலும் நீலம் தூக்கலாகத் தெரியும். இது தற்காலிகமா, நிரந்தரமா என்று தெரிந்துகொள்ள, டார்ச்சை ஆறவிட்டு, பழையபடி பென்சில் செல்லைப் போட்டு வெள்ளைச் சுவரில் அடியுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் எல்இடி பிழைத்துவிட்டது. அப்போதும் நீலமாகவோ மங்கலாகவோ இருந்தால் பாஸ்பர் கெட்டுவிட்டது, திரும்பாது. எரியவே இல்லையென்றால் அநேகமாகப் போனது டிரைவர்.

டார்ச் பெட்டியில் 1000 லூமன் (லூமன் என்பது மொத்த ஒளியின் அளவு) என்று போட்டிருந்தால், அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரநிலைப்படி லூமனை அளப்பது சுவிட்ச் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுவார்கள். "1000 லூமன், 2 மணி நேரம்" என்ற இரண்டும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் படித்தால்தான் ஏமாற்றம். அந்தத் தரநிலையின் பெயரே இல்லாத பெட்டியில் உள்ள எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

இப்படியே பயன்படுத்தலாமா என்றால், டார்ச்சிலோ பெட்டியிலோ 0.9 முதல் 4.2 வோல்ட் வரை என்றோ, 14500 என்றோ போட்டிருந்தால் தாராளமாக. இல்லையென்றால் அந்தச் செல்லை எடுத்துவிடுங்கள். எல்இடியைவிட எனக்குச் செல்லைப் பற்றித்தான் பயம். லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நேராகப் பாயவிடும் சர்க்யூட் அதை நிறுத்தாது. அப்படி வற்றிய செல்லைத் திரும்பச் சார்ஜ் போடுவது ஆபத்து. வீட்டில் யாராவது அதைப் பென்சில் செல் என்று நினைத்து ரிமோட்டில் போட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

பதிலுக்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் போடுங்கள். 1.2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹை மோடில் ஆல்கலைனைவிட அதன் வோல்டேஜ் தளராமல் நிற்கும். வரப்பில் பாம்பு, பள்ளம் பார்த்து நடக்க 100 லூமனே போதும். தோப்பின் அந்தக் கோடி வரைக்கும் தெரிய வேண்டுமென்றால், 18650 என்ற பெரிய லித்தியம் செல் போடுகிற, முகப்பு அகலமான டார்ச்சாக வாங்குங்கள். செல் வாங்கும்போது, கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்ததைத் தொடாதீர்கள். அந்த சைஸில் நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும்.