வளர்ப்பு எலிகள்: தத்தெடுப்பும் பராமரிப்பும் (கேள்வி பதில்)

இங்கிலாந்தில் கைவிடப்பட்ட எலிகளைப் பல ஆண்டுகளாக ஏற்று வளர்த்துவரும் ஒருவர், எலி வளர்ப்பு குறித்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சென்னை): வணக்கம் அம்மா. எலி வளர்க்க வேண்டும் என்று என் பன்னிரண்டு வயது மகள் வெகுநாளாகக் கேட்கிறாள். முதலில் ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, சரிவந்தால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம். இது சரிதானா?

பதில்: வணக்கம். வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். முடியாது என்றால் இப்போதைக்கு வேண்டாம். எலி கூட்டமாக வாழும் உயிர். ஒன்றையொன்று நாவால் துடைத்துவிடுவதும், ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்குவதும், பொய்ச்சண்டை போடுவதும் அதன் அன்றாட வாழ்க்கை. அது விழித்திருக்கும் இரவு நேரத்தில் நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பீர்கள் என்பதால், எவ்வளவு அன்பான வீடும் இன்னோர் எலிக்கு ஈடாகாது. தனியாக வளர்ந்தால்தான் மனிதரிடம் ஒட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் கண்டது நேர்மாறானது: துணையுள்ள எலிக்கு அச்சம் குறைவு, அதனால் அது தானாகவே கூண்டு வாசலுக்கு வந்து நிற்கும். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரண்டை, முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகளாக, எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்தான் என்பதை மகளிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (லண்டன்): குட்டியாக வாங்குவது நல்லதா, காப்பகத்திலிருந்து வளர்ந்த எலியை எடுப்பது நல்லதா?

பதில்: முதன்முறை வளர்ப்பவருக்கு வளர்ந்த எலியையே நான் பரிந்துரைப்பேன். அதன் குணம் தெரிந்திருக்கும். பாலினத்தில் குழப்பம் வராது. குட்டியின் ஓயாத துள்ளலும் இருக்காது. பிரிட்டனில் ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகளின் காப்பகங்களில் எலிகளும் வீடு தேடிக் காத்திருக்கின்றன. எடுக்குமுன் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து பாருங்கள். கண் தெளிவாகவும், மூச்சு ஓசையின்றியும், மயிர் படிந்தும் இருக்க வேண்டும். உடலை உங்கள் காதருகே பிடித்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு உண்டா என்பது தெரியும். மேல்தாடைப் பற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருப்பது இயல்பானது, அது நோயன்று. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். அப்படித் தூக்கினால் வாலின் தோல் உறைபோல் உரிந்து வந்துவிடக்கூடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): கடையில் இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் பார்த்தால் ஒன்று ஆண் போலத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: இதை வாசித்த உடனேயே இரண்டையும் பிரித்து வையுங்கள். ஆண் எலிக்கு நான்கு வார வயதிலேயே விதைப்பை தெளிவாகத் தெரியும். ஐந்து வாரத்திலேயே குட்டிகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். பெண் எலி நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஓர் ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் பிறப்பது சாதாரணம். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே அது மீண்டும் சினைப்படலாம் என்பதைப் பலரும் அறிவதில்லை. ஆணுக்குக் கருத்தடை செய்து சேர்த்து வளர்க்க விரும்பினால், சிறு விலங்குகளில் அறுவைப் பழக்கமுள்ள மருத்துவரிடம் மட்டும் செல்லுங்கள். அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் பிரித்தே வைக்க வேண்டும். அதுவரை இரண்டுக்குமே தனிமைதான் என்பதால் கூண்டுகளை அருகருகே வைத்து, நாள்தோறும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

கேள்வி (திருச்சி): கூண்டின் தரையில் மரக்கடையில் கிடைக்கும் மரத்தூளைப் பரப்பலாமா?

பதில்: வேண்டாம். பைன், தேவதாரு முதலிய மரங்களின் தூளில் உள்ள நெடியுடைய பொருள்கள் மூச்சுக்குழாயையும் ஈரலையும் பாதிக்கின்றன. மற்ற மரத்தூளிலும் வைக்கோலிலும் தூசி அதிகம். அச்சு மை இல்லாத தாளைக் கீற்றுகளாகக் கிழித்துப் போடுவதும், பழைய பருத்தித் துணியை விரிப்பதும் போதுமானவை; துணியில் நூல் பிரிந்து காலில் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த இடத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, எலிகளின் நுரையீரல் நோயை முற்றச் செய்யும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கம்பி வலைத் தரை உள்ளங்காலில் புண்ணாக்கும் என்பதால் அதன்மேல் பலகையோ துணியோ இடுங்கள். பெண் எலியும் குட்டியும் நுழைந்து தப்பாதிருக்கக் கம்பிகளுக்கு இடையே ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

கேள்வி (மதுரை): சித்திரை, வைகாசியில் எங்கள் வீடு கொதிக்கிறது. குளிர்சாதன வசதி இல்லை. எலிகள் தாங்குமா?

பதில்: இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் எலி வளர்க்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எலிக்கு வியர்க்காது, நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. மயிரற்ற வாலின் வழியாகத்தான் உடல் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது, அது போதாதபோது எச்சிலை உடலில் பூசிக்கொள்கிறது. இருபது முதல் இருபத்துநான்கு டிகிரி செல்சியஸ் அதற்கு இதமானது. முப்பதைத் தாண்டினால் திணறத் தொடங்கும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத தரைமட்டத்தில் கூண்டை வையுங்கள். படுத்துக்கொள்ளத் தரையில் பதிக்கும் ஓடு ஒன்றையும், தண்ணீர் நிரப்பி உறையவைத்துத் துணி சுற்றிய புட்டியையும் உள்ளே வைத்து, இறங்கி நிற்கத் தட்டையான தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறைக்குள் சுழல வேண்டும். எலி உடலைப் பரப்பிப் படுத்து, வாயில் நீர் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்தபடி மருத்துவரிடம் விரையுங்கள். பனிக்கட்டி நீரில் முக்காதீர்கள். பகலில் ஆளில்லாமல் பூட்டியிருக்கும் மொட்டைமாடி வீடு என்றால், எலி வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): சோறும் பருப்பும் கொடுக்கலாமா?

பதில்: கொறிவிலங்குகளுக்கான உருண்டைத் தீவனமே அடிப்படையாக இருக்கட்டும், வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் போதும். உப்பில்லாத சோறு, வேகவைத்த பயறு, கேரட், வெள்ளரிக்காய், எப்போதாவது சிறிது அவித்த முட்டை ஆகியவை துணை உணவு. வேகவைக்காத பீன்ஸ் வித்துகள், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோலும் ஆகாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. தவறானதைத் தின்றுவிட்டால் வெளியேற்ற அதற்கு வழியில்லை.

கேள்வி (டொராண்டோ): என் எலியின் கண்ணோரத்தில் இரத்தம் வடிகிறது. தும்முகிறது. பயமாக இருக்கிறது அக்கா.

பதில்: அது பெரும்பாலும் இரத்தமாக இராது, தங்கையே. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்னும் சிவப்புப் பொருள் அது. மன அழுத்தம், நோய், வலி ஆகியவற்றில் எது வந்தாலும் கூடுதலாகச் சுரக்கும். காலையில் சிறு துளி தெரிந்து, எலி தானே துடைத்துக்கொண்டால் கவலை வேண்டாம். ஆனால் தும்மலும் சேர்ந்திருப்பதால் நுரையீரலைக் கவனிக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர் வளர்ப்பு எலிகளில் மிகப் பரவலாக உள்ளது. தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். அதை அடியோடு நீக்க முடியாது, ஆனால் டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளை மருத்துவர் எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் கட்டுக்குள் வைத்திருக்கலாம். மனிதருக்கான சளி மருந்தை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். எலி மூக்கினால் மட்டுமே சுவாசிக்கும் விலங்கு என்பதால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எலிகள் நோயை மறைப்பவை. வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத நலிவை எடை காட்டிவிடும்.

கேள்வி (சேலம்): என் பெண் எலிக்கு ஒன்றரை வயது. அக்குளில் கட்டி தென்படுகிறது. புற்றுநோயா?

பதில்: பெண் எலிகளின் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்குவரை பரந்துள்ளது, ஆகவே பால்சுரப்பிக் கட்டி அக்குளிலும் தோன்றலாம். இவற்றில் பெரும்பாலானவை பரவாத கட்டிகளே. ஆயினும் வேகமாகப் பருத்து நடக்கவே முடியாமல் செய்துவிடும், அதனால் சிறிதாக இருக்கும்போதே அகற்றுவது எலிக்கு எளிது. சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். இளவயதிலேயே கருப்பையையும் சூலகங்களையும் அகற்றியிருந்தால் இக்கட்டிகள் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி (சென்னை): எலிக்காய்ச்சல் வரும் என்று மாமியார் அஞ்சுகிறார். மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது.

பதில்: அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் வெளியே திரியும் எலிகளின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவுகிறது. வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த எலியிடம் அந்த வாய்ப்பு குறைவு, ஆனால் இரவில் வெளியெலி வந்து கூண்டருகே போகும் வீட்டில் அது குறைவன்று. எலிக்கடிக் காய்ச்சலும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் சியோல் வைரஸ் என்னும் நோய்க்கிருமி, வளர்ப்பு எலிகளிடமிருந்தே மனிதருக்குத் தொற்றியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோ நோயெதிர்ப்பு குன்றியவர்களோ உள்ள வீட்டில் எலி வேண்டாம் என்பதே என் கருத்து. குழந்தை வளரும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி (லண்டன்): கனடாவின் கால்கரிக்குக் குடிபெயர்கிறோம். எலிகளையும் கொண்டுசெல்லலாமா?

பதில்: முடியாது. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணம் 1950 முதல் எலி ஒழிப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. அங்கே வளர்ப்பு எலி வைத்திருப்பதும் சட்டவிரோதம். புறப்படுமுன் எலிகளைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (சிட்னி): இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. மற்றது சரியாக உண்பதில்லை. வயது இரண்டு. புதியதைச் சேர்த்தால் சண்டையிடுமா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். முதிய எலிக்கும் துணை வேண்டும். ஆனால் ஒரே ஒரு குட்டியைக் கொண்டுவந்தால் அது முதியதை ஓயவிடாது, பின்னர் அதுவும் தனித்துப்போகும். அமைதியான நடுவயது எலிகள் இரண்டை எடுங்கள். முதல் இரண்டு வாரம் அவற்றை வேறு அறையில் வைத்து நோய் உண்டா என்று பாருங்கள். பிறகு இரு தரப்பும் அறியாத புதிய இடத்தில், உங்கள் கண்முன்னே, சிறிது நேரம் சந்திக்க விட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். கீச்சொலியும், மல்லாத்திப் பிடிப்பதும், மயிரை இழுத்துத் துடைப்பதும் உறவு அமைத்துக்கொள்ளும் முறைகள்தான். மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் நடந்து வந்து கடித்து இரத்தம் வரவழைத்தால் மட்டும் பிரியுங்கள், அதுவும் வெறுங்கையால் அன்று, தடித்த துண்டைப் போட்டு. அமைதியாகச் சேர்ந்து உண்டு உறங்கத் தொடங்கிய பிறகு, நன்றாகக் கழுவி மணம் போக்கிய கூண்டில் மூன்றையும் ஒன்றாக விடலாம். அதுவரை முதியது உண்ணும் அளவையும் எடையையும் நாள்தோறும் பாருங்கள். ஒரு நாள் முழுதும் எதுவும் உண்ணாவிட்டால், அது துயரம்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.