திங்கட்கிழமையும் சீஷனா? சில கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையில் எங்கள் சபையின் சீஷத்துவ வகுப்பை, அதாவது இயேசுவின் சீடராய் வாழப் பழகுகிற வகுப்பை, நடத்துகிறவள் என்பதால், இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். பலருக்கும் ஒரே சந்தேகம் இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை. நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். கேட்டவர்களில் கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் உண்டு. வேதத்தில் இருந்து பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

அக்கா, எனக்குச் சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது, திடப்படுத்தலும் எடுத்தாயிற்று. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. நானும் சீஷன்தானே? இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? (வத்தளை)

தம்பி, ஞாயிறு தவறாமல் போவது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இயேசு ஆட்களை எங்கே வைத்துக் கூப்பிட்டார் என்று பாருங்கள். பேதுருவையும் அந்திரேயாவையும் வலை வீசுகிற இடத்தில் கூப்பிட்டார். லேவியை ஆயத்துறையில், வரி வாங்கிக்கொண்டிருந்த மேசையில் வைத்துக் கூப்பிட்டார். வரி வாங்குகிறவர்களின் தலைவனான சகேயுவின் வீட்டுக்கே போனார். அங்கே சகேயு பாட்டுப் பாடவில்லை, கணக்கைத் திறந்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலு மடங்காய்த் திரும்ப. அதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. ஞாயிறு காலையில் நீங்கள் ஆராதனையில் இருக்கும்போது உங்கள் வீட்டுக் குசினியில் யார் நிற்கிறார்கள்? கொழும்பில் நம்மவர் வீடுகள் பலவற்றில் அது மலையகத்தில் இருந்து வந்த ஓர் அக்காவாக இருக்கும். நாம் வந்து சாப்பிட வேண்டும் என்று அவர் கறி வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு லீவு நாள் உண்டா? அவருடைய தேத்தண்ணிக் கோப்பை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதா? சொன்ன திகதியில் சம்பளம் கையில் போகிறதா, அல்லது "அடுத்த மாதம் சேர்த்துத் தாறன்" என்று தள்ளிப் போகிறதா? பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (5:4). நீங்கள் சீஷனா என்பதை என்னைவிட அந்த அக்கா சரியாகச் சொல்லுவார்.

புறக்கோட்டையில் இறக்குமதிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சுங்கத்துக்குக் காட்ட விலையைக் குறைத்து இன்வொய்ஸ் போடச் சொல்கிறார் முதலாளி. மறுத்தால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கடனும் இருக்கிறது. ஊழியக்காரர்கள் "விசுவாசத்தோடு நில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதில் உங்கள் பிள்ளைகளின் சாப்பாடும் இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பொய் இன்வொய்ஸ் தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 நேராகவே சொல்கிறது. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பதால் அது மாறாது. ஆனால் நாளைக்கே வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்றும் வேதம் சொல்லவில்லை. யோவான் ஸ்நானகனிடம் வரி வாங்குகிற ஆயக்காரர் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, தொழிலை விடு என்று அவர் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றார். பாபிலோனில் தானியேல் ராஜாவின் சாப்பாட்டை மறுத்த விதமும் முக்கியம். சண்டை போடவில்லை. மேலதிகாரியிடம் பணிவாகப் பேசி, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று வேறொரு வழியையும் கையில் கொடுத்தார்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மற்ற ஊழியர் முன்னால் வேண்டாம், முதலாளியைத் தனியே பாருங்கள். அவரைத் திருத்தப் போகிறவர் மாதிரிக் கதைக்காதீர்கள். "சேர், கடை வேலை எல்லாம் செய்கிறேன், நேரம் பிந்தி நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன், இந்தப் பத்திரத்தை மட்டும் என் கையால் எழுத முடியாது" என்று சொன்னால் போதும். அதோடு சட்டப்படி வரியைக் குறைக்க வழி உண்டா என்று தேடிக் கொடுங்கள். இந்தியாவில் இருந்து சாமான் வருகிறதென்றால், 2000 முதல் நடைமுறையில் இருக்கிற இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் பல பொருள்களுக்குத் தீர்வைச் சலுகை உண்டு. அதற்கு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். உங்கள் சாமான் அதில் வருமா என்று பார்த்துச் சொல்கிற கணக்காளரை இழக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது.

அவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அதனால் இன்றிலிருந்தே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை.

உங்களுக்கு "நில்" என்று சொன்ன சபையிடமும் ஒன்று கேட்கிறேன். இவருக்கு வேலை போனால் மூன்று, நான்கு மாத வாடகைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் யார் பொறுப்பு? நிற்கச் சொல்கிறவர்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எருசலேமின் முதல் சபையில் ஒருவனும் குறைவுபடவில்லை என்றால், இருந்தவர்கள் விற்றுக் கொடுத்தார்கள் என்பதுதான் காரணம்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னால் "இது உன் சிலுவை, பொறுமையாய்ச் சும, ஜெபம் பண்ணு" என்கிறார்கள். சீஷத்துவம் என்றால் இதுதானா? (கொட்டாஞ்சேனை)

இல்லை, தங்கச்சி. உங்கள் சபையார் சொன்னது தவறு.

இயேசு சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதால் வருகிற விலை. அதை ஒருவர் தானே மனதார எடுக்கிறார். குடிகாரன் கையில் வாங்குகிற அடி அந்தக் கணக்கில் வராது. அது அவர் செய்கிற பாவம், அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. இயேசுவும் எல்லா அடிக்கும் நின்று கொடுக்கவில்லை. நாசரேத்தில் மலைச் சரிவில் தள்ளப் பார்த்தபோது கூட்டத்தைக் கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். இன்னொரு முறை, தன்னைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது "நான் ரோமப் பிரஜை" என்று சட்டத்தைக் காட்டித் தடுத்தார். தப்பிப் போவதும் சட்டத்தைக் கேட்பதும் விசுவாசக் குறைவு என்றால் பவுலையும் அதில் சேர்க்க வேண்டி வரும்.

உங்களுக்கும் சட்டம் இருக்கிறது. வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கான 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மகளிருக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கொஞ்சக் காசு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். காயம் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லிப் பதிவு செய்யுங்கள், "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள். அவருக்காக ஜெபிக்கலாம், மன்னிக்கவும் செய்யலாம். அதற்காக அதே வீட்டில் இருந்து அடி வாங்க வேண்டும் என்றில்லை.

இதை வாசிக்கிற போதகர்களே, மனைவிக்குப் பொறுமை போதிக்கிற நேரத்தில் பாதியையாவது எடுத்து, புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள் என்கிற எபேசியர் 5:25ஐ அந்தக் கணவரின் முன்னால் போய் வாசியுங்கள்.

வேதம் வாசிக்க நேரமே கிடைப்பதில்லை, அக்கா. கம்பஸ், அப்புறம் பகுதி நேர வேலை. வாசித்தாலும் மனதில் நிற்பதில்லை. (பம்பலப்பிட்டி)

காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் போகிற நேரம் உங்களுக்கு இருக்கிறதே. போனில் வருகிற ஒற்றை வசனப் படங்களைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், சத்தமாக வாசித்தாலும் ஒன்றரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும். ஒரு கதையாக ஓடி வாசியுங்கள். முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து, இந்த முறை மெதுவாக.

பிள்ளை, மகனுக்குக் கலியாணம் பேசுகிறோம். நாங்கள் சீதனம் ஒன்றும் கேட்கவில்லை. பெண் வீட்டார் தாங்களாகவே பிளாட் ஒன்று எழுதித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாம்தானே? (வெள்ளவத்தை)

ஐயா, நீங்கள் கேட்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் நம் சமூகத்தில் வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. "பிள்ளைக்குச் செய்யிறதைச் செய்வம்தானே" என்ற ஒரு பேச்சிலேயே எல்லாம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டமே சீதனத்தைப் பெண்ணுடைய தனிச்சொத்தாகத்தான் பார்க்கிறது. எனவே ஒரு தகப்பன் தன் மகளுக்கு, அவள் பெயரில், மனமுவந்து கொடுப்பதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. அந்தப் பிளாட்டுக்காக ஊர்க் காணியை ஈடு வைக்கிறார்களா? அவளுக்குப் பின்னால் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாளா? பிளாட் இல்லை என்று நாளைக்குச் சொன்னால் இதே கலியாணம் இதே சந்தோசத்தோடு நடக்குமா? கடைசிக் கேள்விக்கு உங்கள் வீட்டில் உடனே "ஓம்" வரவில்லை என்றால், பெண் வீட்டுக்குப் போய் "பிளாட் வேண்டாம், பிள்ளையைத் தாருங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தத் தகப்பன் அன்றைக்கு எப்படி நித்திரை கொள்ளுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்டதற்கு வெளியே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நல்ல கிறிஸ்தவப் பிள்ளை வேண்டும்" என்று தொடங்கி, இரண்டாவது வசனத்திலேயே "எந்த ஊர், என்ன ஆக்கள்?" என்று சாதி விசாரிக்கிற பழக்கம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்துவிட்டு இதைச் செய்கிறோமே என்பது எனக்கு மெய்யாகவே வேதனை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் என் சொந்தத்தை இழந்தேன். எல்லாரும் மன்னிக்கச் சொல்கிறார்கள். எனக்கு முடியவில்லை. நான் இன்னும் சீடர்தானா?

ஆம், நீங்கள் சீடர்தான். ஆண்டவரே எவ்வளவு காலம் என்று கேட்கிற சங்கீதங்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன. அழுகிறவரையும் கோபத்தோடு கேட்கிறவரையும் கடவுள் வெளியே அனுப்பவில்லை.

அன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் நாடு முழுவதும் 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்த வழக்கை நடத்தியது மன்னிப்புக்கு எதிரான காரியம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழிவாங்குவதைக் கடவுளிடம் விடுவது வேறு, உண்மை வெளியே வர வேண்டும் என்று கேட்பது வேறு. ஒருவர் இரண்டையும் செய்யலாம்.

இன்றைக்கு உங்களிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று. அந்தக் குற்றத்தில் பங்கில்லாத முஸ்லிம் அயலவர்மேல் அந்தக் கோபத்தைத் திருப்பாதீர்கள். மற்றது மெதுவாக வரட்டும். வருடக்கணக்கில் எடுத்தாலும் பரவாயில்லை. "மன்னிக்க மனம் தாரும்" என்றுகூட ஜெபிக்க முடியாத நாளில், அதை உங்களுக்காக ஜெபிக்க இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அன்ரி கோயில் பிரசாதம் கொண்டு வந்து தருகிறார். என்ன செய்ய? (தெஹிவளை)

கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை (முதலாம் நிருபம், 8, 10 அதிகாரங்கள்) முழுதாக வாசியுங்கள். வழிபாட்டில் பங்கெடுப்பதைத்தான் அவர் தடுக்கிறார். மற்றபடி ஒவ்வொருவருடைய மனச்சாட்சியையும் மதிக்கச் சொல்கிறார். உங்கள் மனம் குத்தினால் அன்பாகச் சொல்லி மறுக்கலாம், முகத்தைச் சுளிக்காதீர்கள். நத்தாருக்கு நீங்கள் கொடுக்கிற கேக்கை அவர் எவ்வளவு சந்தோசமாக வாங்குகிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இப்படி முழுதாக வாழ்ந்த ஒருவரைச் சொல்லுங்கள். (மட்டக்குளி)

நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் யோசேப் வாஸ் அடிகளைச் சொல்வேன். கோவாக்காரர். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கூலிக்காரன் வேடத்தில் இங்கே வந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்து அவரைச் சிறை வைத்தார்கள். 1697இல் அதே கண்டியில் அம்மை பரவி, வசதியானவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அவர் அங்கேயே நின்று நோயாளிகளைப் பராமரித்தார், மதம் பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் காலி முகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். தன்னைச் சிறை வைத்த ஊரிலேயே அவர் நோயாளிகளோடு நின்றதுதான் என் மனதை அதிகம் தொடுகிறது.

ஒவ்வொரு வருடமும் அர்ப்பணிக்கிறேன், ஒரு மாதம் போகும், பிறகு பழையபடி விழுகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. (மருதானை)

பேதுரு ஒரே இரவில் மூன்று தரம் "அவரைத் தெரியாது" என்றார். உயிர்த்தெழுந்த இயேசு அவரைத் திட்டவில்லை. கரையில் மீனும் அப்பமும் தயார் பண்ணிச் சாப்பிடக் கூப்பிட்டார், அப்புறம்தான் "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார், வேலையையும் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தார். எனவே வெட்கத்தோடு ஒதுங்கி நிற்காதீர்கள், வாருங்கள்.

ஆனால் தனியாக முயலாதீர்கள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அர்ப்பணிப்பதைவிட, உங்களை அறிந்த இரண்டு பேரை வாரம் ஒரு முறை பார்ப்பது கூடப் பலன் தரும். ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதும். இந்த வாரம் எங்கே விழுந்தாய், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், காசு எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அப்படி இரண்டு பேர் உங்களுக்கு இல்லை என்றால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், மருதானையில் இருந்து வெள்ளவத்தைக்கு ரயிலிலேயே வரலாம்.